நீரைவிட்டு எழுந்த வானூர்தி

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மார்செய் துறைமுக நகருக்கு அணித்தாக, பெர் என்னும் பெயருடைய பரந்த உப்புநீர்க் காயல் ஒன்றுள்ளது. 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாள், அக்காயலின் தென்கரையிலுள்ள லா மேத் என்னும் சிற்றூரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மரச்சட்டங்களாலும் துணியாலும் ஆகிய விந்தையான ஊர்தி ஒன்று, மூன்று மிதவைகளின்மேல் அமர்ந்து நீர்ப்பரப்பில் விரைந்தோடியது. பின்னர் நீரைவிட்டு எழுந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவு பறந்து, மீண்டும் நீரிலேயே பழுதின்றி இறங்கியது. அதனைச் செலுத்தியவர் ஆன்றி ஃபாப்ர். அவருக்கு அப்போது வயது 27. அதற்கு முன்னர் அவர் எந்த வானூர்தியிலும் பறந்ததில்லை. அன்று ஒருநாளில் மட்டும் அவ்வூர்தி நான்கு முறை எழுந்தது. தன் இயந்திர விசையினாலேயே நீரிலிருந்து எழுந்து பறந்த முதல் வானூர்தி அதுவே.

ரைட் உடன்பிறப்பினர் 1903ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பறந்ததை மாணவர் அனைவரும் அறிவர். பிளெரியோ 1909ஆம் ஆண்டு சூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததையும் பலர் அறிவர். ஃபாப்ரின் பெயரைக் கேட்டிராதவரே மிகுதி. இதற்குக் காரணம் பலவாகலாம். அவற்றுள் ஒன்று மிக எளியது: அவருடைய ஊர்தியின் புகைப்படத்தைப் பார்ப்பவருக்கு அது இன்னதென்றே விளங்குவதில்லை. முதலில் எழும் வினா, இதில் முன்புறம் எது என்பதே. பெரிய இறக்கை பின்னால் இருக்கிறது. வால் என்று எண்ணத்தக்க சிறிய பரப்புகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, முன்னால் இருக்கின்றன. இயந்திரமும் விசிறியும் எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ளன. நடுவே உடல் என்று சொல்லத்தக்க கூடு எதுவுமில்லை. மேலொன்றும் கீழொன்றுமாக இரு நீண்ட உத்திரங்கள் ஓடுகின்றன. பறக்கும் வாத்து கழுத்தை முன்னே நீட்டி, இறக்கைகள் பின்தள்ளி இருப்பதுபோன்ற தோற்றத்தால், இவ்வகை ஊர்திகளுக்கு வாத்து என்னும் பொருள்படும் 'கனார்' என்ற பிரெஞ்சுப் பெயரே நிலைத்துவிட்டது.

புகைப்படம் விளக்காததை விளக்குவதற்கு ஒரு வழியுண்டு. அவ்வூர்தியை அளவு குறைத்து, மரத்தாலும் நூலாலும் தாளாலும் கட்டிப் பார்ப்பதே அது. பழைய வானூர்திகளுக்கு அளவுமாதிரி செய்வது பல நாடுகளில் பெரியோரும் விரும்பி ஈடுபடும் கலையாகும். இங்கிலாந்தில் 1930களில் 1:72 என்னும் அளவில் மரத்தாலான மாதிரித் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. 1936இல் பிளாஸ்டிக் தொகுதிகளும் வந்தன. எனினும் ஃபாப்ரின் ஊர்தியைப் பொறுத்தவரை, பெட்டியைத் திறந்து வார்ப்புத் துண்டுகளை ஒட்டி முடிப்பதில் பயன் குறைவு. அதன் எலும்புகள் யாவும் வெளியே தெரிவன. ஒவ்வொரு சட்டத்தையும் கையால் வைத்துக் கட்டும்போதுதான், அதனை முதன்முதல் கட்டியவர் எதற்கு அஞ்சினார், எதில் துணிந்தார் என்பது புலனாகும்.

அவர் அஞ்சியது காற்றுக்கன்று, நீருக்கே. இதனை உணர அவருக்கு முன்னர்த் தோற்றவர்களை நோக்க வேண்டும்.

வியன்னா நகரில் வில்லெம் கிரெஸ் என்பவர் வாழ்ந்தார். 1836இல் பீட்டர்சுபர்க்கில் பிறந்த அவர் பியானோ செய்யும் தொழிலர். மாதிரிகளின் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு. முறுக்கிய இரப்பரின் விசையால் பறக்கும் சிறு வானூர்தியை 1877 அளவிலேயே செய்து, 1880இல் வியன்னாவில் அறிஞர்கள் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டினார். மாதிரி அழகாகப் பறந்தது. ஆனால் ஆள் ஏறிச் செல்லத்தக்க ஊர்தியைக் கட்டி நீரில் இறக்குவதற்கு அவருக்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மூன்று இறக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக, வெவ்வேறு உயரத்தில் அமைத்து, அலுமினிய மிதவைகள் இரண்டின்மேல் அவ்வூர்தியை நிறுத்தினார். 1901ஆம் ஆண்டு அக்டோபரில், வியன்னாவுக்கு மேற்கேயுள்ள துல்னர்பாக் நீர்த்தேக்கத்தில் அது ஓடிப் பார்க்கும்போதே கவிழ்ந்து மூழ்கியது. அறுபத்தைந்து அகவை முதியவரை நீரிலிருந்து மீட்டனர். கவிழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் எடை. அவர் கேட்ட இயந்திரம் ஒன்று. தொழிற்சாலை தந்தது வேறொன்று. எதிர்பார்த்ததைவிட மிகக் கூடிய எடையுடைய அவ்வியந்திரம், சிறுமாதிரியில் மெய்ப்பிக்கப்பட்ட கணக்கையெல்லாம் பொய்யாக்கிவிட்டது.

மாதிரி பறந்தது, ஊர்தி பறக்கவில்லை. இதில் மாதிரி செய்வோர் கற்கவேண்டிய கணக்கொன்று மறைந்துள்ளது. ஒரு பொருளின் நீளம் இரு மடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கன அளவும் எடையும் எட்டு மடங்காகும். தாங்குவது இறக்கையின் பரப்பு, தாங்கப்படுவது எடை. ஊர்தி பெரிதாகப் பெரிதாக எடை முந்திக்கொண்டே போகும். ஆகவே சிறியதில் எளிதாக நடப்பது பெரியதில் நடப்பதற்கு, வலிமை மிகுந்தும் எடை குறைந்தும் உள்ள இயந்திரம் இன்றியமையாதது. கிரெசுக்கு அது கிட்டவில்லை. அவருடைய அறிவுக்குக் குறை கூறுவது முறையாகாது. காலம் ஓர் எட்டாண்டு பின்தங்கியிருந்தது என்பதே உண்மை.

எடை மட்டுமே இடையூறு என்று கருதினால் அதுவும் தவறு. அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் 1908ஆம் ஆண்டு தரையிலிருந்து நன்கு பறந்த 'சூன் பக்' என்னும் ஊர்தியை எடுத்து, அதன் சக்கரங்களுக்குப் பதிலாகப் படகு போன்ற மிதவைகளைப் பொருத்தி, 'லூன்' என்னும் நீர்ப்பறவையின் பெயரைச் சூட்டி, ஏரியில் ஓடவிட்டார். அது நீரில் ஓடியது; எழவில்லை. தரையில் பறந்த அதே இறக்கை, அதே இயந்திரம். பறக்கத் தெரிந்த ஊர்தியை நீர் விடவில்லை. நீரில் நனைந்த வழவழப்பான கண்ணாடித் துண்டை இன்னொரு கண்ணாடியின்மேல் வைத்து, நேரே மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிடி எத்தகையது என்பது தெரியும். படகு மிதப்பதற்கென அமைந்தது. நீரோடு ஒட்டி உறவாடுவதே அதன் இயல்பு. எழவேண்டிய மிதவைக்கு அந்த இயல்பு பகை.

பிரான்சிலும் 1905ஆம் ஆண்டு கபிரியேல் வொசான் என்பவர், மிதவைகள் பூட்டிய விசையற்ற ஊர்தியொன்றில் ஏறி, விசைப்படகு இழுக்கச் சேன் ஆற்றிலிருந்து சில நூறு மீட்டர் பறந்தார். ஆனால் இழுத்தது படகு. அடுத்த திங்களில் பிளெரியோவுக்காகக் கட்டிய இரண்டாவது ஊர்தி கவிழ்ந்தபோது வொசான் மூழ்கி இறக்கும் நிலைக்கு ஆளானார்.

இந்தப் பின்னணியில் ஃபாப்ரின் பணியைக் காணவேண்டும். அவர் கப்பல் உரிமையாளர் குடும்பத்தில் 1882இல் பிறந்தவர், பொறியியல் கற்றவர், கடலை அறிந்தவர். 1909இல் அவர் கட்டிய முதல் ஊர்தியில் 12 குதிரைத்திறன் கொண்ட சிறிய இயந்திரங்கள் மூன்று ஒரே விசிறியைச் சுழற்றின. அது எழவே இல்லை. மனந்தளராமல் அடுத்ததைக் கட்டினார். அதுவே லா மேத்தில் பறந்தது. அதன் இறக்கை 14 மீட்டர் நீட்டம். மொத்த நீளம் 8.45 மீட்டர், இறக்கைப் பரப்பு 17 சதுர மீட்டர், செலுத்துபவர் உட்பட எடை 475 கிலோகிராம்.

மாதிரியை 1:24 என்னும் அளவில் கட்டுவது பொருத்தமாக இருக்கும். அப்போது இறக்கை 58 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகும். நீளம் 35 சென்டிமீட்டர். மேசைமேல் அடங்கும் அளவு. ஆனால் எடை? நீளம் 24இல் ஒரு பங்கானால், எடை 24 மும்முறை பெருக்கிய 13,824இல் ஒரு பங்காதல் வேண்டும். 475 கிலோகிராமை அவ்வாறு வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 34 கிராம். வகுப்பறையில் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்டினால் மாணவர் நம்பமாட்டார்கள். இரு கைகளையும் அகல விரித்துப் பிடிக்கவேண்டிய பொருள், சில நாணயங்களின் எடைதானா என்பர். அந்த வியப்பே ஃபாப்ரின் ஊர்தியைப் பற்றிய முதற்பாடம். அது கட்டப்பட்ட பொருள் என்பதைவிட, கட்டாமல் விட்ட இடங்களின் தொகுப்பு என்று கூறின் மிகையாகாது.

அந்த வெற்றிடங்களைத் தாங்கி நிற்பது உத்திரம். ஃபாப்ர் தாமே வகுத்து உரிமை பெற்ற பின்னல் உத்திரம் அது. மேலும் கீழும் மெல்லிய மரப்பட்டைகள். அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக முக்கோணம் முக்கோணமாகச் சாய்ந்து செல்லும் சிறு பட்டைகள். எல்லாப் பட்டைகளும் தம் மெல்லிய விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிற்பதால் காற்று ஊடே புகுந்து போகும். முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாதவரை அதன் வடிவம் மாறாது. சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. இரும்புப் பாலங்களில் கண்ட இவ்வுண்மையை ஃபாப்ர் மரத்துக்குக் கொண்டுவந்தார். இரு நீண்ட உத்திரங்கள் மட்டுமல்ல, பெரிய இறக்கையின் முன்விளிம்பும் இத்தகைய பின்னல் உத்திரமே. துணியால் மூடப்படாமல் திறந்தே நிற்பது.

இதனை மாதிரியில் செய்வதே தலைமையான வேலை. பொறுமையைச் சோதிப்பதும் இதுவே. பால்சா மரம் எடையற்றதாயினும், மெல்லிதாகச் சீவினால் எளிதில் முறியும். பால்சா என்னும் சொல்லுக்கு இசுப்பானிய மொழியில் தெப்பம் என்று பொருள். நீர்வானூர்திக்கு ஏற்ற பெயர்தான். ஆயினும் உத்திரத்துக்கு மூங்கிலே சிறந்தது. கணுவற்ற மூங்கிலைப் பிளந்து, மேல்தோலை ஒட்டிய பகுதியிலிருந்து சிம்புகளைச் சீவி, உப்புத்தாளில் இழுத்து ஒரே கனமாக்க வேண்டும். உத்திரத்தின் வரைபடத்தை மென்பலகையில் விரித்து, மேலே எண்ணெய்த் தாள் பரப்பி, மேற்பட்டை கீழ்ப்பட்டை இரண்டையும் குண்டூசிகளால் நிறுத்தியபின், சாய்வுத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி இடையில் செருகி, ஊசிமுனையளவு பசையிட வேண்டும். பசை கூடினால் எடை கூடும். பளபளப்பாகத் திரண்டு கண்ணையும் உறுத்தும். ஒரு துண்டு மயிரிழை நீண்டாலும் உத்திரம் வில்லாக வளையும். முதல் உத்திரம் எவருக்கும் வளையத்தான் செய்யும். அதனைக் கழித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குவதே நன்று. வளைந்ததை நூலால் இழுத்து நேராக்க முயல்வது பின்னர் ஊர்தி முழுவதையும் முறுக்கிவிடும்.

இங்கே ஒரு மயக்கம் எழும். இத்தனை நுண்ணிய பின்னலை யார் பார்க்கப்போகிறார்கள், இரண்டு கனத்த குச்சிகளை வைத்தால் போதாதா என்று தோன்றும். வலிமைக்காக எனச் சமாதானமும் கூறிக்கொள்ளலாம். அவ்வாறு செய்த மாதிரிகளும் உண்டு. அவை வானூர்தி போலத்தான் இருக்கும். ஆனால் அவை ஃபாப்ரின் ஊர்தியாகா. கனத்த குச்சி வைத்திருந்தால் அவ்வூர்தி நீரைவிட்டு எழுந்தே இராது. மாதிரியில் செய்யும் சிறு ஏமாற்று, வரலாற்றில் பெரும் பொய்யாகிவிடுகிறது. லூயி போலான் என்னும் புகழ்பெற்ற வானோடி தம் ஊர்திக்கு இதே உத்திர முறையை எடுத்தாண்டார் என்பதிலிருந்து, அக்காலத்தவர் இதனை எத்துணை மதித்தனர் என்பதை உணரலாம்.

அடுத்தது இறக்கை. முன்விளிம்பு உத்திரத்திலிருந்து வளைந்த விலாச்சட்டங்கள் பின்னோக்கி நீண்டிருக்கும், அவற்றின்மேல் துணி. கப்பற்குடும்பத்து மைந்தர் என்பது இங்கே தெரிகிறது. பாய்மரப் பாயைப் போலவே இத்துணியை இறக்கிச் சுருட்டிவைக்கலாம். காற்று மிகுந்த கரையில் ஊர்தியைக் கட்டிவைக்கவேண்டியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமோ?

மாதிரிக்கும் துணியையே போர்த்தலாமே என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. கடையில் கிடைக்கும் மிக மெல்லிய துணியின் இழையைக்கூட 24 மடங்காகப் பெருக்கிப் பார்த்தால் கயிற்றுப்பாய் போலிருக்கும். ஆகவே மெல்லிய பட்டுத்தாளே தக்கது. தாளை ஒட்டியபின் நீரைப் பனிபோல் தெளித்தால், காயும்போது தானாக இறுகித் தோல்மேளம்போல் நிற்கும். விலாச்சட்டங்கள் நொய்ந்திருந்தால் இறுகும் தாளே அவற்றைக் கோணலாக்கும். எனவே காயும்வரை இறக்கையைப் பலகையில் ஊன்றிவைக்க வேண்டும்.

நிறம் தீட்டுவதில்தான் மிகுதியும் தவறு நேர்கிறது. பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றில் துணி வெளுத்துத் தெரிவதால் வெள்ளைச் சாயத்தை அப்பிவிடுகிறார்கள். வெளுக்காத பருத்தித் துணியின் நிறம் பாலேட்டு நிறம். அதனூடே வெயில் புகும். விலாச்சட்டங்களின் நிழல் விழும். சாயம் இந்த ஒளியைக் கொன்றுவிடும். தாளுக்கு மிக நீர்த்த தேநீர்ச் சாறு ஒருமுறை பூசினால் போதும். மரத்துக்கு வார்னிஷ், அதுவும் மங்கலானது. பளபளப்பும் அளவுக்கு உட்பட்டதே. பெரிய பொருளில் அழகாக மின்னும் மெருகு சிறிய பொருளில் ஈரமாகிய பண்டம்போல் தோன்றும். முதன்மை ஊர்தி பாரீசுக்கு அருகிலுள்ள லெ பூர்ஷே வானூர்தி அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருவது மாதிரி செய்வோர்க்குப் பெரும்பேறு. அதன் வண்ணப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பணியாற்றலாம்.

இயந்திரத்தைப் பற்றிச் சற்றே விரித்துக் கூறவேண்டும். செகேன் உடன்பிறப்பினர் ஆக்கிய 50 குதிரைத்திறன் 'நோம்' இயந்திரம் அது. ஏழு உருளைகள் விண்மீன் வடிவில் சுற்றிலும் நிற்கும். வழக்கமான இயந்திரத்தில் உருளைகள் நிற்கத் தண்டு சுழலும். இதிலோ தண்டு ஊர்தியோடு பிணைக்கப்பட்டு அசையாது நிற்க, உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். சுழலும்போதே காற்றால் குளிர்வதால் நீர்த்தொட்டியும் குழாய்களும் வேண்டா. கிரெஸ் கேட்டுப் பெறாமற்போன எடைக்குறைவு ஃபாப்ருக்கு இவ்வாறு கிட்டியது. பெட்ரோலில் எளிதில் கரையாத தன்மையால், இதற்கு உயவாக நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த ஆமணக்கெண்ணெயையே ஊற்றினர். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் வெளியே சிதறும். முன்னால் இயந்திரம் பூட்டிய ஊர்திகளில் அது செலுத்துபவரின் முகத்திலேயே படியும். ஃபாப்ரின் இயந்திரம் கடைக்கோடியில் இருந்தமையால் அந்தத் தொல்லை குறைவு. மாதிரியில் எண்ணெய்க் கறை காட்ட விரும்புவோர் இதை மறவாமல், இயந்திரத்தைச் சுற்றியும் அதன் பின்னும் மட்டுமே மெல்லிய பழுப்பைத் தடவ வேண்டும். முன்பரப்புகளில் கறை பூசிய மாதிரி, ஊர்தி எத்திசையில் பறந்தது என்பதையே அறியாதவர் செய்தது.

இனி மிதவைகள். ஊர்தியின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. முன்னால் ஒன்று, இறக்கையின் கீழ் இருபுறமும் ஒவ்வொன்று. படகைப்போல் குவிந்த அடிப்பகுதி இவற்றுக்கு இல்லை. அடி தட்டையானது, மேற்புறம் வளைந்தது. பக்கவாட்டில் பார்த்தால் இறக்கையின் வெட்டுத்தோற்றமே. முன்விளிம்பு சற்று உயர்ந்து சாய்ந்திருக்கும். ஓடும்போது அந்தச் சாய்வு நீரை அழுத்த, நீர் மிதவையை மேலே தள்ளும். குளத்தில் ஓட்டுச்சில்லைத் தட்டையாக எறிந்து தத்தவிட்ட சிறுவருக்கு இந்த விந்தை புதிதன்று. வேகம் கூடக்கூட மிதவை நீருள் அமிழ்ந்து கிடப்பதை விட்டு, நீரின்மேல் வழுக்கத் தொடங்கும். எழுந்த பின்னும் அது வீண் சுமையாகாது. அதன் வளைந்த மேற்புறம் காற்றில் தானும் சிறிது தாங்கும். அடிப்பகுதி மெல்லிய ஒட்டுப்பலகை. அலை மோதினால் முறியாமல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

கர்ட்டிசின் படகு மிதவை நீரோடு இழைந்தது. ஃபாப்ரின் தட்டை மிதவை நீரை மிதித்து ஏறியது. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு இறக்கையில் இல்லை, காலடியில் இருந்தது. பறத்தலின் வரலாற்றை இறக்கைகளின் வரலாறாகவே எழுதிப் பழகிய நூல்கள் ஃபாப்ருக்கு ஒற்றை வரியோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

மாதிரியின் மிதவைகளை மெல்லிய பால்சாத் தகட்டால் உள்ளீடற்ற பெட்டியாகவே செய்யவேண்டும். திண்மையான கட்டையைச் செதுக்கிவைப்பது எளிதாயினும் எடை மிகும். மூட்டுகளில் வார்னிஷ் இருமுறை ஏற்றினால் நீர் புகாது. முடித்தபின் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி மாதிரியை மெல்ல இறக்கினால், மிதவைகள் எந்த அளவுக்கு அமிழ்கின்றன என்பது தெரியும். மாதிரியின் எடை 34 கிராமாயின் அது முதன்மை ஊர்தியைப் போன்றே அமிழும். நூறு கிராமாகிவிட்டால் மிதவைகள் பெரும்பாலும் மூழ்கிவிடும். எங்கே பசை மிகுந்தது, எங்கே குச்சி கனத்தது என்பதற்கெல்லாம் நீர் ஒரே பார்வையில் தீர்ப்புக் கூறிவிடும்.

ஆனால் நீர் சொல்வதனைத்தையும் நம்பிவிடலாகாது. மாதிரியை விரலால் தூக்கினால், மிதவையின் அடியில் நீர் பிசின்போல் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய ஊர்தியில் இந்த ஒட்டுதல் அதன் எடைக்கு முன் ஒன்றுமில்லை. சிறியதில் அதுவே பெரும்பகை. நீரின் மேற்பரப்பில் உள்ள இழுவிசை, பொருளின் அளவுக்கேற்பக் குறைவதில்லை. எதனை அளவு குறைக்கலாம், எதனைக் குறைக்க இயலாது என்பதைப் பிரித்தறிவது ஒரு தனிக்கலை. இங்கிலாந்தில் வில்லியம் ஃபுரூட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் தார்க்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து, இதற்கொரு விதி கண்டார். மாதிரி எழுப்பும் அலைகள் பெரிய கப்பலின் அலைகளை ஒத்திருக்கவேண்டுமானால், வேகத்தை அளவின் இருபடிமூலத்தால் வகுக்கவேண்டும் என்பது அவ்விதி. 24இன் இருபடிமூலம் ஏறக்குறைய 4.9. மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஊர்திக்கு ஈடாக, மாதிரியை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். மிதிவண்டியின் வேகந்தான்.

மிதவையின் வரலாறு ஃபாப்ரோடு முடியவில்லை. 1911ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், கர்ட்டிஸ் சான் தியேகோ வளைகுடாவில் தட்டையடி மிதவைகளோடு நீரிலிருந்து எழுந்தார். அடுத்த திங்கள் போர்க்கப்பலொன்றின் அருகே இறங்கி, பாரந்தூக்கியால் ஊர்தியோடு மேலேற்றப்பட்டு, மீண்டும் நீரில் இறக்கப்பட்டுப் பறந்து திரும்பினார். பின்னர்ப் படகையே உடலாகக் கொண்ட பெரிய ஊர்தியைக் கட்டியபோது நீர் மறுபடியும் பிடித்துக்கொண்டது. கர்ட்டிஸ் விசைப்படகில் ஏறிப் பக்கத்திலேயே ஓடி, நீர் எங்கே ஒட்டுகிறது என்று கண்ணால் கண்டார். அடிப்பகுதியில் ஒரு படி அமைத்தார். படியின் விளிம்பில் நீர் அறுந்து, அதன்பின் காற்று புகுந்தது. 1912இல் கண்ட இந்தப் படியே பின்வந்த கடல்வானூர்திகளின் அடியிலெல்லாம் அமைந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூரின் செலேத்தாரில் வந்திறங்கிய பிரித்தானிய வான்படையின் சவுத்தாம்டன் பறக்கும் படகுகளும் அந்த மரபில் வந்தவையே.

ஃபாப்ரின் ஊர்திக்கு நீண்ட வாழ்வு அமையவில்லை. 1911ஆம் ஆண்டு ஏப்ரலில் மொனாக்கோவில் நடந்த விசைப்படகுப் போட்டியின்போது, பெக்யூ என்னும் வானோடி செலுத்திய அது கடலலையில் சிக்கிப் பெருஞ்சேதமுற்றது. அமைதியான காயலில் பிறந்த மரப்பின்னலுக்குத் திறந்த கடல் ஒவ்வவில்லை. அதன்பின் ஃபாப்ர் புதிய வானூர்தி கட்டவில்லை. பிறருடைய வானூர்திகளுக்கு மிதவை செய்து கொடுத்தார். வொசானின் வாத்து வடிவ ஊர்தி அந்த மிதவைகளோடு 1911 ஆகஸ்டில் தரையிலிருந்து எழுந்து, சேன் ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து எழுந்து மீண்டும் தரைக்குத் திரும்பியது. ஃபாப்ர் 1984ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் 101ஆம் அகவையில் மறைந்தார். அரை கிலோமீட்டர் பறந்தவர், ஒலியைவிட விரைந்து பெருங்கடலைத் தாண்டும் பயணி வானூர்தியையும் காணுமளவு வாழ்ந்தார்.

மாதிரியில் எஞ்சுவது கம்பிகளும் மனித உருவும். இழுகம்பிகளுக்கு நுண்ணிய நைலான் இழை ஏற்றது. இரண்டரை மில்லிமீட்டர் கம்பியை 24ஆல் வகுத்தால் மனித மயிரின் தடிமனே எஞ்சும். எதிரெதிர்ப் பக்கங்களின் இழைகளை மாறி மாறி இழுத்துக் கட்டவேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் இறக்கை முறுகிவிடும். எல்லாம் முடிந்த பின்னரே செலுத்துபவரை அமர்த்த வேண்டும். ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள உருவம் போதும். அவருக்கு அறை இல்லை, காற்றைத் தடுக்கக் கண்ணாடி இல்லை, இடைக்கச்சு இல்லை. உத்திரத்தின்மேல் குதிரையேறியவரைப்போல் இருபுறமும் காலிட்டு அமர்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஏழு உருளைகள் சுழல்கின்றன. முன்னால் மெல்லிய மரப்பின்னலும், அதன் நுனியில் ஒரு மிதவையும், அதற்கப்பால் காயலின் நீரும் மட்டுமே. மாதிரியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, அவ்வுருவத்தின் தோளுக்குப் பின்னிருந்து முன்னோக்கிப் பார்த்தால், அந்த மார்ச்சுத் திங்கள் காலையில் அவர் கண்டது தெரியும்.